ஒரு வாய்க்கு ஒரு முத்திரை

நீர்ப்பாறைக் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. எண்பது பேர் உட்கார்ந்திருந்தும் மெல்லும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஆளுக்கு ஒரு கரண்டி பாசிக்களியை வாயில் போட்டார்கள். கரண்டியைக் கீழே வைத்தார்கள். இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாத்தி, பெருவிரல் நுனியோடு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்தார்கள். உடனே தொப்புளுக்குக் கீழே பூனை முனகுவதுபோல ஓர் அதிர்வு எழுந்தது. நாற்பது எண்ணுகிறவரை அது முனகும். அதுவரை மெல்ல வேண்டும். நின்றதும் விழுங்கிவிட்டு அடுத்த கரண்டியை எடுக்கலாம். ஒரு வேளைக்கு முப்பது வாய், முப்பது முத்திரை.

நமக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே யாரும் சிரிப்பதில்லை. வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலாவில், பனிப்பாறையைக் குடைந்து அமைத்த ஊர் அது. தின்பதற்கு விளைவது தொட்டிப் பாசி ஒன்றுதான். அந்தப் பாசி பனியில் இருக்கிற நச்சு உப்பையும் சேர்த்து உறிஞ்சி வளரும். அம்மா பெற்றுக் கொடுத்த வெறும் வயிற்றால் அதைச் செரிக்க முடியாது. அதனால் அந்த ஊரில் ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு செரிபொறி வைத்திருந்தார்கள். களியைக் கரைப்பதும் அதுதான், நச்சைப் பிரித்து வெளியே தள்ளுவதும் அதுதான். பொறியை முடுக்குகிற சாவி, விரல் நுனித் தோலுக்கு அடியில் எள்ளளவு பதித்திருந்த விரல்முத்துகளில் இருக்கிறது என்பார்கள். இரண்டு கையிலும் மூன்று முத்தும் ஒன்றையொன்று தொட்டால் பொறி முனகும். யோகக்காரர்கள் செரிமானத்துக்கும் கழிவு நீங்கவும் பிடிக்கிற அபான முத்திரை அது. பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிடும்.

முத்திரை தவறினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் மனப்பாடம். முதல் நாள் வயிறு உப்பும். மூன்றாம் நாள் கால் வீங்கும். பத்தாம் நாள் சிறுநீரகம் நின்று போகும். கூடத்துச் சுவரில் இதைப் படம் போட்டே மாட்டியிருந்தார்கள். சாப்பிடுகிற இடத்தில் மாட்டுகிற படமா அது என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் படத்துக்கு நேர் எதிரே, கடைசி மேசையில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. பனி அறுக்கும் யந்திரத்தில் அவன் கையுறை சிக்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் எந்த இரண்டு விரல் இல்லாமல் ஒரு மனிதன் அங்கே உயிரோடு இருக்க முடியாதோ, சொல்லி வைத்ததுபோல அந்த இரண்டையும் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது யந்திரம். பாழாய்ப் போனது, சுண்டுவிரலை எடுத்திருக்கக் கூடாதா?

அவன் மனைவி செண்பகவல்லி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, களியைக் கிண்டிக் கிண்டி ஆற வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய் திங்கியளா? இடது கையாலயாவது பிடிச்சுப் பாருங்க."

"பிடிச்சாச்சு, முனகல்லட்டி. ரெண்டு கையும் வேணும்னு உனக்குத் தெரியாதா?"

ஆனாலும் அவளுக்காக ஒரு வாய் வைத்தான். விழுங்கிய மறு நிமிடம் நெற்றி வியர்த்தது. வயிறு கல்லாகிவிட்டது என்றான். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான். எண்பது பேரும் முத்திரையைக் கலைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள். பதினோரு நாளாக இதுதான் நடக்கிறது. அவன் தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது.

பந்தி மேற்பார்வை ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கையில் இருந்தது. முப்பது வருஷமாக வரிசை வரிசையாக நடந்து, எவன் விரல் நழுவுகிறது, எவள் முப்பத்தெட்டிலேயே விழுங்குகிறாள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கறாரான மனுஷன், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் செண்பகவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரு தாயி. விரல்முத்து இங்கன செய்ய முடியாது. ரெண்டு மாசத்துல கப்பல் வருது. அதுவரைக்கும் நரம்புல மருந்துச் சோறு ஏத்தி வச்சிருந்து, கப்பல் வந்ததும் உறைதூக்கத்துல போட்டு பூமிக்கு அனுப்பிரலாம். ஆறு வருஷப் பயணம். விதி அப்படித்தான்."

"நானும் கூடப் போலாமா அண்ணாச்சி?"

"ஒரு ஆளுக்குத்தான் இடம்."

ஆறு வருஷம் போக, ஆறு வருஷம் வர. வந்தால்தானே? உறைதூக்கத்தில் போனவர்களில் கண் விழித்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பாசித்தொட்டியில் அவள் மனம் வேலையில் இல்லை. தொட்டியில் அளாவிக்கொண்டிருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து விரல்களும் ஒழுங்காக இருந்தன. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பந்தியில் அவன் ஒரு வாய் வாங்கியதும், அவள் சட்டென்று தன் இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் நீட்டி அவன் வலது பெருவிரலில் வைத்து அழுத்தினாள். யோசித்துச் செய்ததில்லை, அழுகை வருகிற நேரத்தில் கை தானாகப் போயிற்று.

அவன் வயிறு முனகியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் மென்றான். நாற்பது வரை மென்று விழுங்கினான். வாந்தி வரவில்லை. "இன்னொரு வாய் கொடுட்டி" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பன்னிரண்டு நாளாகத் தவம் கிடந்தவள். கண்ணீர் களியில் விழுந்தது; உப்புக்குப் பஞ்சமில்லாத ஊரில் இன்னும் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்தார். விதிப் புத்தகத்தில் அடுத்தவர் விரல் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

ஆனால் ஒரு பந்திக்கு நாற்பத்தைந்து நிமிடம்தான். அடுத்த எண்பது பேர் கதவுக்கு வெளியே நிற்பார்கள். களியைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. அவனுக்கு முப்பது வாய்க்கு விரல் கொடுத்தால் அவளுக்கு முத்திரை பிடிக்க ஒரு கை மிச்சம். முதலில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். பதினைந்து வாய் அவனுக்கு, பதினைந்து அவளுக்கு. நாலு நாளில் இருவருக்கும் தலை சுற்றியது. அவன் தேறவும் இல்லை. ஐந்தாம் நாள் அவள் ஒரு பொய் சொன்னாள்.

"டாக்டரம்மாட்ட கேட்டேங்க. பொம்பளைங்களுக்கு ஒரு கை போதுமாம். நீங்க முப்பதும் தின்னுங்க, நானும் கூடவே திங்கேன்."

அவன் நம்பினான். பசித்த மனுஷனுக்கு நம்புவது லேசு. டாக்டரம்மா சொன்னது என்றதும் அண்ணாச்சியும் விட்டுவிட்டார். அவள் இடது கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, வலது கையால் தனக்கும் ஒரு வாய் போட்டு, மேசைக்கு அடியில் பேருக்கு விரலை மடித்துக்கொண்டாள். அவள் வயிறு முனகவில்லை. அவன் எண்ணும்போது கூடவே எண்ணி, மென்று, முனகாத வயிற்றுக்குள் களியை விழுங்கினாள். நஞ்சைத் தெரிந்தே தின்பதாகத்தான் நினைத்துக்கொண்டு தின்றாள். அவன் தேறட்டும், அதற்குள் கப்பலில் விரல்முத்து வந்தாலும் வரும், அப்புறம் நமக்கு என்ன ஆனால் என்ன என்று இருந்துவிட்டாள்.

இதில் அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. இருவருக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். முறை வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஆளுக்கொரு கைத்திரையோடு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதுதான் வழக்கம். சண்டை எதுவும் இல்லை, பேச்சும் இல்லை. இப்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மெல்ல வேண்டியிருந்தது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவன் பேச ஆரம்பித்தான். யந்திரம் விரலை இழுத்தபோது அவள் பெயரைச் சொல்லிக் கத்தினானாம். அதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேசாம மெல்லுங்க" என்றாள்.

இருபது நாள் ஆயிற்று. அவன் கன்னத்தில் சதை பிடித்தது. அவள் தினமும் எழுந்ததும் தன் காலை அமுக்கிப் பார்ப்பாள். வீங்கவில்லை. வயிறு உப்பவில்லை. நஞ்சு உள்ளுக்குள்ளேயே கள்ளத்தனமாகச் சேர்கிறதோ என்று பயம் வந்தது. எத்தனை நாள் மிச்சம் என்று தெரிந்தால் அவனுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம் என்று மருத்துவ அறைக்குப் போனாள்.

டாக்டர் ரெஜினா பர்னாந்து அறுபதைத் தொட்டவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பொறியின் அளவைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார்.

"இருபது நாளும் மென்னு தின்னீங்களா?"

"அவுக கூடவே எண்ணி மென்னேன்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நூறு வயசு இருப்பீங்க."

"முத்திரை பிடிக்கலையே டாக்டரம்மா!"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செண்பகம், அந்த முத்திரைக்கும் செரிபொறிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாயில சோறு போட்டா பொறி தானா ஓடும். விரல் சேர்ந்தா முனகும், அவ்வளவுதான். முனகுறதைத் தவிர அந்த முத்து வேற எதையும் செய்யாது."

அவளுக்குக் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

"அப்ப அவுக வாந்தி எடுத்தது?"

"பயம். பயந்த வயிறு எதையும் ஏத்துக்காது."

பிறகு டாக்டர் சொன்னார். ஊர் ஆரம்பித்த முதல் இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு பேர் செத்தார்கள். பாசிக்களி எச்சிலோடு நன்றாகக் கலந்தால்தான் பொறிக்குள் கரையும். மெல்லாமல் விழுங்கினால் கட்டியாகிப் பொறியின் வாயை அடைத்துக்கொள்ளும். நாற்பது தடவை மெல்லுங்கள் என்று அன்றைய மருத்துவர்கள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் கைத்திரை. கண் திரையில், வாய் தன்பாட்டுக்கு விழுங்கும். எச்சரிக்கை ஒட்டினார்கள், திரையைப் பிடுங்கி வைத்தார்கள். ஒளித்துக் கொண்டுவந்து பார்த்தார்கள். சாவு வீட்டில் சாப்பிடும்போதுகூடப் பார்த்தார்கள். கடைசியில் யோகம் பழகிய ஒரு மருத்துவருக்கு இந்த யோசனை வந்தது. மெல்லுங்கள் என்றால் கேட்காதவன், முத்திரை பிடித்தால் வயிறு சுத்தமாகும் என்றால் பிடிப்பான். முத்திரைக்கு இரண்டு கையும் வேண்டும் என்று வைத்துவிட்டால்?

"கை ரெண்டையும் கட்டிப்போட வேற வழி தெரியல அவங்களுக்கு. அதுக்கப்புறம் அறுபது வருஷமா ஒரு அடைப்புச் சாவு இல்ல. இத யார்ட்டயும் சொல்லாதீங்க. உங்க வீட்டுக்காரர்ட்டயும்தான். அவர் பாட்டுக்கு உங்க விரலைப் பிடிச்சுச் சாப்பிடட்டும்."

செண்பகவல்லி சாகப் போவதில்லை என்று தெரிந்த சந்தோஷத்தைவிட, அவன் கையிலிருந்து தன் விரலை எடுக்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டாள். ஏமாற்றுகிறோமே என்று குறுகுறுத்தது. ஆனாலும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. வாய்க்கு வாய் அவன் பேசினான், அவள் கேட்டாள். அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த ஒன்பது நாள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வாள்.

பத்தாம் நாள் தொட்டியில் குழாய் உடைந்து அவள் வரத் தாமதமாயிற்று. அவர்கள் உட்கார்ந்தபோது கடைசிப் பந்தியும் முடிந்து கூடம் காலி. ஆள் இல்லாத கூடத்தில் இசக்கியப்பனின் வயிறு முனகுவது அவன் காதுக்கே கேட்டது. அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"உன் வயித்துல சத்தமே இல்லையேட்டி."

"மெதுவாத்தான் கேக்கும். நீங்க மெல்லுங்க."

அவன் மேசைக்கு அடியில் குனிந்து அவள் வலது கையைப் பார்த்தான். மடித்த விரல்கள் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது அவனுக்கு விளங்கக்கூடிய அளவுக்கு.

"எத்தன நாளா இப்படித் திங்க?"

அவள் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"நீ சாவ, நான் உக்காந்து திங்கணுமா? என்னைய என்ன பேயின்னு நெனச்சியா?" கரண்டியை எறிந்துவிட்டு எழுந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். அவன் நேராக அண்ணாச்சியிடம் போய், கப்பலுக்குத் தன் பெயரை எழுதச் சொல்லிக் கைரேகை வைத்துவிட்டு, அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் மூன்று வேளையும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மருந்துச் சோறும் வேண்டாம் என்றான். கப்பல் வரும்வரை தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்காவது மண்ணாவது! சொல்லிவிட்டாள்.

அவன் முதலில் நம்பவில்லை. அவள் பழைய களி ஒரு கரண்டியைக் கூடத்திலிருந்து திருடிக்கொண்டு வந்து, முத்திரை இல்லாமல், முனகல் இல்லாமல், மென்று தின்னச் சொன்னாள். தின்றான். ஒரு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவன் சிரித்த சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

"யார்ட்டயும் சொல்லிராதீக" என்றாள்.

"சொல்லுவனா? அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லணும். கப்பலுக்கு எழுதுன பேர அடிக்கணும்லா?"

அண்ணாச்சி முதலில் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார். அப்புறம் அவர் ஒரு வேளை முத்திரை இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "முப்பது வருசம் வே. முப்பது வருசமா ஒண்ணுமில்லாததுக்கா காவல் நின்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விரல் நழுவியதற்காக எத்தனை பிள்ளைகளைத் தலையில் குட்டியிருக்கிறார்! அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. மதியப் பந்திக்குள் ஊர் மொத்தத்துக்கும் செய்தி எழுதி அனுப்பிவிட்டார். நம்மை அறுபது வருஷமாக முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று அதன் முதல் வரி. நன்றாக மெல்ல வேண்டும் என்பது கடைசி வரி.

அன்றைய மதியப் பந்தியில் அறுபது வருஷத்தில் முதல் தடவையாக யார் விரலும் சேரவில்லை. கைதான் சும்மா இருந்ததே. செய்தியைப் பார்க்கத் திரையை எடுத்தார்கள். பார்த்ததை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அனுப்பியதற்கு என்ன பதில் வந்தது என்று பார்த்தார்கள். டாக்டரைத் திட்டி ஒருவன் எழுதியதை முந்நூறு தடவை பகிர்ந்தார்கள். ஊரில் மொத்தமே இருநூற்று நாற்பது பேர். நாற்பத்தைந்து நிமிடப் பந்தி பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான்காம் நாள் இரண்டு பேரை அடைப்போடு மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். ஆறாம் நாள் ஒன்பது பேர். முதலில் செத்தது அண்ணாச்சி. அவர் கையில் திரை அணையாமல் இருந்தது என்று தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள்.

ஏழாம் நாள் செண்பகவல்லி களியை எடுத்துக்கொண்டு வந்து இசக்கியப்பனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவனுக்கு இடது கையில் கரண்டி. வலது கையின் மிச்ச மூன்று விரல்களில் கைத்திரையைக் கச்சிதமாக இடுக்கிப் பிடித்திருந்தான். இரண்டு விரல் இல்லாதது திரை பிடிக்க ஓர் இடைஞ்சலாகவே இல்லை. ஏதோ படித்துக்கொண்டே ஒரு கரண்டி வாயில் போட்டான். அவள் மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விழுங்கிவிட்டான்.

அவள் மேசைக்கு மேலே தன் இடது கையை நீட்டி, இரண்டு விரல்களை அவன் பக்கம் வைத்தாள்.

"ஏங்க, அந்தத் திரைய வச்சிருங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டுத் தின்னுங்க. முனகினா முனகுது, முனகாட்டிப் போவுது."

"கொஞ்சம் இருட்டி" என்றான் அவன், நிமிராமல். "டாக்டரம்மா ஊருக்கெல்லாம் ஏதோ எச்சரிக்கை போட்டிருக்காவ. மெல்லாம முழுங்கினா செத்துப் போவமாம். ரொம்ப முக்கியமான விஷயம், முழுசாப் படிச்சிட்டு வாரேன்."

அடுத்த வாயும் போயிற்று. அவள் மூன்றுவரைதான் எண்ணியிருந்தாள்.